கம்பி டாக்டரின் அவசரம்

லிஃப்ட் பொத்தானை மூன்றாம் முறை அழுத்திவிட்டு, டாக்டர் பக்கத்தில் நிற்பவரின் வாயைப் பார்க்கிறார். முகமெல்லாம் அவருக்கு அப்புறம்தான். "மேல் வரிசை கொஞ்சம் முன்னால வந்திருக்கே, கவனிச்சீங்களா?" என்கிறார். கவனிக்காமல் நிம்மதியாக இருந்த மனிதர் அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்.

கோணல் பற்களுக்குக் கிளிப் ஒட்டி, கம்பி கட்டி நேராக்குவது இவர் தொழில். தேநீரை ஆறவிட மாட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டு, "நேரம் மிச்சம்" என்பார். அந்த மிச்சத்தையெல்லாம் எங்கே வைத்திருக்கிறார் என்று தேட வேண்டாம். நோயாளியின் வாயைத் திறக்கவைத்துவிட்டு, பதில் சொல்ல முடியாத அவரிடம் பேசியே கரைத்துவிடுவார்.

"மத்தவங்க ஒட்டுறது ரெடிமேட். நான் ஒட்டுறது ஒவ்வொரு பல்லுக்கும் அளவெடுத்து, கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, தனியா செஞ்சு வர்றது. ரெண்டு வருஷ வேலை பாதி நேரத்துல முடிஞ்சிடும்."

பாதி நேரத்தில் முடிந்த வாய் ஒன்றையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிற உதவியாளர் அம்மாள் மட்டும் முனகுவார்: "கிளிப்பு அவசரப்படும் சார். எலும்புக்கு யாரு சொல்றது?"

டாக்டரின் சொந்த வாயில், இடப்பக்கம், அழகான தெத்துப்பல் ஒன்று எட்டிப் பார்க்கும். கேட்டால், "எனக்கு ஏதுங்க நேரம்?" என்பார். இவ்வளவு படிப்பு ஏறிய தலைக்குக் கீழேயே அந்தப் பல் இத்தனை வருஷம் சௌக்கியமாகக் குடியிருக்கிறது.

அது குடும்பப் பல். அவருடைய அக்காவுக்கும் இருந்தது. அக்கா மகளுக்கும் இருந்தது. அக்கா இப்போது இல்லை. மகள் இவரிடம் வந்து, மற்றதையெல்லாம் நேராக்கச் சொன்னாள்.

"இது மட்டும் இப்படியே இருக்கட்டும் மாமா. கண்ணாடியில சிரிச்சா அம்மா வந்துட்டுப் போறாங்க."

"இருக்கும்மா, இருக்கும். கம்ப்யூட்டர்ல சொல்லிட்டாப் போச்சு."

பற்கள் கடைசியில் எப்படி நிற்கும் என்று, கிளிப் செய்கிற கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் வரும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேண்டியதை மாற்றி, பிறகுதான் 'சரி' என்று அழுத்த வேண்டும். அந்தப் படத்தின்படியே கிளிப் செய்து அனுப்புவார்கள். படம் வந்தபோது இவர் ஒரு காதில் போனும் ஒரு கையில் தேநீருமாக இருந்தார். சுண்டுவிரல் சும்மாதானே இருந்தது, அதனால் அழுத்தினார்.

ஒட்டும்போதே அவள் கேட்டாள்: "மாமா, அந்தப் பல்லுலயுமா?"

"எல்லாத்துலயும் ஒட்டுனாத்தான் பிடிமானம். நீ வாயைத் திற."

நடுவில் ஒருநாள், அது உள்ளே போகிற மாதிரி இருக்கிறது என்றாள். "பாதி வழியில எல்லாம் அப்படித்தான் தெரியும்" என்று கம்பியை இன்னும் இறுக்கினார்.

அவர் சொன்ன காலத்துக்குள் முடிந்த முதல் வாய் அவளுடையதுதான். கிளிப்பைக் கழற்றிக் கண்ணாடியைக் கொடுத்தார். சிரித்துப் பார்த்தாள். கண்ணாடியைச் சாய்த்து இன்னொரு தடவை சிரித்தாள். பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா வரல, மாமா."

"நூல் பிடிச்ச மாதிரி வரிசைம்மா. புத்தகத்துலயே போடலாம். வேணும்னா திரும்பவும் அளவெடுத்து, அதைப் பழைய இடத்துக்கே..."

"பாதி நேரத்துலயா சார்?" என்றார் உதவியாளர் அம்மாள்.

வெளியே அடுத்த நோயாளி இருமினார். டாக்டர் முதல் தடவையாக அவள் வாயை விட்டு முகத்தைப் பார்த்தார். பிறகு முகக்கவசத்தைக் கீழே இறக்கி, உறை மாட்டிய விரலால் தன் மேலுதட்டை இடப்பக்கம் அந்தத் தெத்துப்பல் தெரியத் தூக்கிப் பிடித்து, அவள் முன் குனிந்து, அசையாமல் நின்றார்.