பெயர் போடாத திருத்தம்

எண்பதுகளின் கடைசியில் அரியலூரில் ஓர் ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். மெஷினைக் கிளப்பும் பிளாப்பி என் பீரோவில்தான் இருக்கும், சாவி என் பையில். நான் போய்த் திறந்தால்தான் வேலையே நடக்கும். “சார் வந்துட்டாரா?” என்று மேனேஜரே வாசலில் வந்து நிற்பார். அந்த மிதப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அப்புறம் அவன் வந்து சேர்ந்தான். விக்கிரமங்கலத்துக்காரன், என்னைவிடச் சின்னவன். மெஷினை இயக்கும் சிஸ்டத்தைத் தானே சிறிதாக எழுத ஆரம்பித்தான். எழுதியதைப் பூட்டி வைத்தானா என்றால் அதுதான் இல்லை! பிரிண்ட் எடுத்துச் சுவர் முழுக்க ஒட்டினான். யார் வேண்டுமானாலும் சிவப்புப் பென்சிலால் திருத்தலாம், பக்கத்தில் தன் பெயரை எழுதிவிட வேண்டும். அந்தத் திருத்தங்களைத்தான் அவன் பிறகு மெஷினில் ஏற்றுவான்.

“அட கிறுக்கா, எல்லாத்தையும் தொறந்து காட்டிட்டா உன்னை எவன்யா மதிப்பான்?” என்றேன்.

“வருங்காலத்துல எல்லா மெஷினும் இப்படித்தாங்க ஓடப்போவுது. காசும் கெடையாது, ஒளிவுமறைவும் கெடையாது” என்றான்.

சிரித்தேன். ஆனால் உடையார்பாளையத்திலிருந்து வரும் டைப்பிஸ்ட் அம்மா, சுவரைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டு மூன்று திருத்தம் போட்டுவிட்டார். மேனேஜர் இப்போது அவன் மேஜையருகில் போய் நின்றார். திங்கட்கிழமை அவனுடைய சிஸ்டத்தை ஓட்டிப் பார்ப்பதென்று முடிவானது. அது ஓடிவிட்டால் என் பிளாப்பியை எவன் கேட்பான்? வயிறு எரிந்தது எனக்கு.

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அறையில் யாருமில்லை. சுவரில் இருந்த பிரிண்டில், மெஷினின் தகவல் தட்டிலிருந்து படிக்கச் சொல்லும் ஒரு வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, அதே இடத்தில் எழுதச் சொல்லி மாற்றினேன். அப்படியே ஓட்டினால் தட்டில் இருப்பதெல்லாம் அழியும். பெயர் போடவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்ததுமே டைப்பிஸ்ட் அம்மா பிடித்துவிட்டார். “சார், இந்த வரி எல்லாத்தையும் அழிச்சிடுமுங்களே! பேரு போடாம யாருங்க இதைத் திருத்துனது?”

மேனேஜரும் எழுந்து வந்தார். அவன் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்தான். மூன்று மாதமாக என் கையெழுத்தைத் தினமும் பார்ப்பவன்.

“நாந்தாம்மா. அவசரத்துல தப்பா போட்டுட்டேன்” என்றான். பென்சிலை எடுத்து, என் எழுத்துக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினான்.

திங்கட்கிழமை அவன் சிஸ்டம் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே, பாவி, என் தப்பையும் விடாமல் உன் பேரில் எழுதிக்கொண்டாயே என்று பொருமினேன்.