பிள்ளைப்பூச்சியின் முட்டைகள்

மூன்றாவது கருவும் தங்காமல் போன பிறகு, என் கணவரின் அம்மா கம்பளையிலிருந்து எங்கள் கண்டி வீட்டுக்கு வந்தார். பின்வளவில் லீக்ஸ் பாத்தியைக் கொத்தி ஒரு பிள்ளைப்பூச்சியைப் பிடித்தார். அதைக் கதலிப் பழத்துக்குள் வைத்து நீட்டினார். உயிரோடு விழுங்கினால் பிள்ளை நிற்குமாம்.

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். தெரிந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அது வேரைத் தின்னுற பூச்சி, அத்தை. முன்கால் தோண்டுறதுக்கு. எறகு இருக்கு, ராத்திரில பறக்கும். விஷமும் இல்ல, மருந்தும் இல்ல."

"ஒங்க லேப்புல புள்ள தர்றாங்களா? தந்தா அங்கயே வாங்கிக்க."

பழத்தை வாங்கிக்கொண்டேன். விழுங்கினேன். தொண்டையில் அதன் கால்கள் பிறாண்டின.

சில மாதங்களில் நாள் தள்ளிப்போனது. அத்தை கோயிலில் தேங்காய் உடைத்தார். பிறகு அதுவும் கலைந்தது.

அத்தை மறுபடி வந்தபோது, பழத்தை நானே உரித்து வைத்திருந்தேன். அவர் மண்ணைக் கொத்த, ஒரு கட்டி பெயர்ந்து சிறு குழி தெரிந்தது. உள்ளே சவ்வரிசி போல முட்டைகள். பிள்ளைப்பூச்சி ஓடாமல் அவற்றின் மேலேயே கிடந்தது. பொரியும்வரை தாய் காவல் இருக்கும் என்பதை நான் படித்திருக்கிறேன். அத்தை படித்ததில்லை. ஆனாலும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"இத எப்படிம்மா எடுக்கிறது?" என்று கையால் மண்ணைத் தள்ளி மூடப் போனார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுங்க அத்தை. இந்தத் தடவை தங்கும்."