கருங்கல் போகிற சனிக்கிழமை

எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கருங்கல் ஊரில் இருந்த அந்த வீட்டுக் குழாயை என் கணவர் ஒரே சனிக்கிழமையில் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் பொய்.

அது அவருடைய பேட்ச்காரரின் வீடு. இருவரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்துப் போலீசில் சேர்ந்தவர்கள். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் வாகனச் சோதனையில் நின்றபோது, நிற்காமல் வந்த லாரி ஒன்று அந்த மனிதரை அடித்துவிட்டது. அடக்கம் முடிந்த வாரமே பேட்ச்காரர்கள் கூடி வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பென்ஷன் காகிதங்களுக்கு ஒருவர், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு ஒருவர். வீட்டுக் காரியம் என் கணவருக்கு. அவராகவே கேட்டு வாங்கினார் என்று பிறகுதான் தெரிந்தது.

நல்ல காரியம்தான். மாதம் ஒருமுறை என்றால் நானே பலகாரம் செய்து கொடுத்தனுப்பியிருப்பேன். இவருக்கோ வார ஓய்வு சனிக்கிழமை. ஒன்றைக்கூட விடவில்லை. போனால் சாயங்காலம்தான் வருவார். அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "என்னத்தப் பேச? கேஸ் சிலிண்டர் மாட்டிக் குடுத்தேன்" என்பார். சிலிண்டர் மாட்ட நாலு மணி நேரமா? சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன். மீன்குழம்பு வாசம். என் குழம்பில் புளி அதிகம் என்று தட்டை ஒதுக்குகிற மனுஷன்!

ஒரு புதன்கிழமை அவர் டூட்டிக்குப் போனதும் கருங்கலுக்குப் பஸ் ஏறினேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று தீர்மானம். இறந்துபோனவரின் மனைவி கதவைத் திறந்து, "வாங்க அக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். என்னைவிட இளையவள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"வாரம் வாரம் இங்க வந்து அவிய அப்படி என்னதான் பேசுவாவ?" என்றேன்.

அவள் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட சொல்லல்லியா அக்கா? அந்தச் செக்கிங் டூட்டி அண்ணனுக்கு உள்ளதுல்லா. உங்க தங்கச்சிக்க புது வீட்டுப் பால்காய்ப்புன்னு எங்க வீட்டு ஆளுகிட்ட மாத்திவிட்டுட்டுப் போனாவ. இங்க வந்தா அதையே சொல்லிச் சொல்லி அழுவாவ. நான்தான் சமாதானம் சொல்லி ரெண்டு வாய் சோறு திங்க வைப்பேன்."

அந்தப் பால்காய்ப்புக்கு வந்தே தீரவேண்டும் என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரை இழுத்துப் போனது நான். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் எனக்குச் சாயா போட்டுக் கொண்டுவந்தாள்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. இவள் வாரம் தவறாமல் பார்த்திருக்கிறாள். அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். வெட்கம், திரும்பிவரும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது.