கும்பத்தடியில் ஒரு கிற்றார்

இதை இன்றுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

போன நவராத்திரியில், ஜெர்மனியின் கொலோனில் எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. காலையிலேயே மகளின் புத்தகங்களோடு அவளுடைய கிற்றாரையும் கும்பத்தடியில் வைத்துப் பொட்டிட்டேன். வைத்ததை மறுநாள் விஜயதசமிவரை தொடக்கூடாது. பூசையன்று பின்னேரம்தான் அவளுக்கு முதல் மேடை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தலை நரைத்தும் மேடையை விடாத ஒரு பிரித்தானிய ராக் குழுவின் பாட்டுகளை நாலு சிநேகிதிகள் சேர்ந்து வாசிக்க இருந்தார்கள். எனக்கு அந்தச் சத்தமே பிடிக்காது.

"அம்மா, அஞ்சு மணிக்கு மேடையடியில நிக்கவேணும். எடுக்கட்டோ?"

"ஏலாது. சாமிக்கு வைச்சாச்சு."

மகள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மணி நாலரை. அவளைக் கூட்டிப்போக வந்த லேனா, அவர்களுக்கு ட்ரம்ஸ் அடிப்பவள், வாசலில் நின்றபடியே மகளிடம் நடந்ததைக் கேட்டறிந்தாள். கத்தப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தன் ட்ரம்ஸ் குச்சிகள் இரண்டையும் கிற்றாருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தக் குழுவும் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் சேர்ந்து தொடங்கியதுதான். இவள் இல்லாமல் நாங்களும் ஏறமாட்டோம்" என்றாள் ஜெர்மனில்.

அவள் சிநேகிதிக்காக வைத்தாள். நான் மகளைத் தடுக்கச் சாமியைப் பூட்டாக்கி வைத்திருந்தேன்.

கிற்றாரைத் தூக்கி மகளின் கையிலும் குச்சிகளை லேனாவின் கையிலும் கொடுத்தேன். "கெதியாப் போங்கோ, பிள்ளையள்."

கிற்றாரில் நான் வைத்த அந்தச் சந்தனப் பொட்டை மகள் இன்னும் துடைக்கவில்லை. கேட்பவர்களுக்கெல்லாம், "அம்மா வைச்ச பொட்டு" என்று பெருமையாகச் சொல்கிறாள். ஏன் வைத்தேன் என்று அவளுக்குத் தெரியாது.