ஆலம்பரையில் தொடங்கி செங்கல்பட்டு பல் பிரிவில் முடிந்த நடை

2006 பொங்கல் விடுமுறையில் நானும் பாலு சாரும் ஆலம்பரைக் கோட்டையிலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாகவே நடந்துவிடுவது என்று கிளம்பினோம். அந்த வருடம் மே மாதம் இமயமலையில் ஒரு மலையேற்றத்துக்குப் பெயர் கொடுத்திருந்தோம். அதற்கு முன்னால் முதுகில் சுமையோடு மூன்று நாள் நடந்து பார்த்துவிடலாம் என்பது யோசனை. பாலு சார் அணுபுரத்தில் எனக்கு எதிர் வீடு, ஒரே அலுவலகம். கும்பகோணத்துக்காரர். நாற்பத்து நான்கு வயது, சர்க்கரை உண்டு, ஆனால் தினமும் காலையில் நடப்பவர். அவருடைய காலைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. பல்லைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

வழியைச் சொல்லிவிடுகிறேன். கடப்பாக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கினால் ஆலம்பரை நடக்கும் தூரம்தான். கோட்டைக்குப் பக்கத்தில் முகத்துவாரத்தைப் படகில் கடந்துவிட்டால், அதற்கு வடக்கே ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி, நடுவில் நீளமான மணல் திட்டு. இதைக் காடு, வனாந்தரம் என்றெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். கழிக்கு அந்தப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து போவது கண்ணுக்கே தெரியும். ஆனால் திட்டில் சாலை கிடையாது, கடை கிடையாது, அந்த நாளில் செல்போன் சிக்னலும் கிடையாது. சாலையைப் பார்த்துக்கொண்டே மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் அது. (வடக்கே அணுமின் நிலையத்தை ஒட்டிய கரையில் நடக்க அனுமதி இல்லை. அந்தப் பகுதியைப் பேருந்தில்தான் கடக்க வேண்டும்.)

முதல் நாள் பிற்பகல் நடை சுகமாக இருந்தது. ஈர மணலில் நடந்தால் கால் புதையாது. செத்து ஒதுங்கிய ஆமைகள் இரண்டைப் பார்த்தோம். ஓர் இடத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றோம். பாலு சார் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பசியில்ல குமார்" என்றார். சாயங்காலம் சவுக்குத் தோப்பு ஓரத்தில் கூடாரம் போட்டதும், "கிராம்பு இருக்கா?" என்று கேட்டார். முதலுதவிப் பையில் கிராம்புத் தைலம் இருந்தது. பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். பாராசிட்டமால் ஒன்றும் கொடுத்தேன். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

காலையில் அவருடைய இடது தாடை வீங்கியிருந்தது. "பனிக்காத்து" என்றார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ரொட்டியை நீட்டினேன், அப்புறம் என்று கையைக் காட்டினார். கொஞ்ச தூரம் போனதும் பேச்சு நின்றுவிட்டது. அடிக்கடி துப்பினார். எச்சிலை விழுங்காமல் துப்புகிறார் என்று எனக்குப் புரிய நேரம் பிடித்தது. வெயில் ஏறியபோது கை நடுங்கி, சட்டை முழுக்க வியர்த்து, மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாத்திரை போட்டாயிற்று, வயிற்றில் ஒன்றும் இல்லை. சர்க்கரை இறங்குகிறது. வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி இறுகி, சுட்டது.

பயம் அப்போதுதான் வந்தது. அவரை அங்கேயே பையில் சாய்த்துவிட்டுக் கழிப் பக்கம் ஓடினேன். அங்கே ஏழுமலை என்பவரும் அவர் மனைவி கன்னியம்மாவும் இறால் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் இருவரும் கூடவே வந்தார்கள்.

ஏழுமலை பாலு சாரின் முகத்தைப் பார்த்தார். "இன்னா சார், இப்டி வீங்கிக்கீது? பல்லா? புடுங்கிப் போட்டா சரியாப்பூடும். படகுல கொறடு கீது, எட்தாரவா?"

"யோவ், ஆணி புடுங்கற மாரி சொல்றியே" என்றார் கன்னியம்மா.

"எங்க நைனாவுக்கு நாந்தான் புடுங்கினேன். ஒண்ணும் ஆவல."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாலு சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். பல்லைக் கடித்தபடியே, "புடுங்கச் சொல்லுங்க குமார். ஆஸ்பத்திரி வேணாம். ஊசி வேணாம்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு மருத்துவம் தெரியாது. மலையேற்றத்துக்காக ஒரு முதலுதவிப் புத்தகத்தைப் படித்திருந்தேன், அவ்வளவுதான். அதில் ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றிருந்தது. பல் வலி வேறு, தாடைக்குக் கீழே இறங்கும் வீக்கம் வேறு. விழுங்க முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து நீட்டினேன். "பாலு சார், இந்தச் சர்க்கரைத் தண்ணிய ஒரே மடக்கா முழுங்குங்க. முழுங்கிட்டா நீங்க சொல்றபடி கேக்கறேன்" என்றேன்.

அவர் முயன்றார். பாதி உள்ளே போனது, பாதி கடைவாயில் வழிந்தது. முகம் கோணிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஏழுமலை குறடு பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. "படகு எடுக்கறேன் சார்" என்று எழுந்தார்.

கன்னியம்மா பாலு சாரை உட்கார வைத்து, சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக வலது கடைவாயில் விட்டார். "மெதுவா நைனா, மெதுவா. அவசரம் இல்ல" என்று தன்னைவிட மூத்தவரிடம் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுக்கம் குறைய ஒரு கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

கழியில் நடுவில் ஆழமே இல்லை. படகு இரண்டு முறை சேற்றில் தட்டியது. நானும் ஏழுமலையும் முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளினோம். கன்னியம்மா பாலு சாரின் தலையை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் கையைக் காட்டிச் சொல்லியிருந்தார். நடுக் கழியில் தலையை நிமிர்த்தாமலே, "தீபாவளிலேருந்தே இருக்கு குமார். வசந்தா கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். வசந்தா அவர் மனைவி. நான் படகைத் தள்ளினேன்.

சாலையில் பேருந்து எதுவும் வரவில்லை. மீன் பெட்டி ஏற்றும் வேன் ஒன்றை ஏழுமலை கையைக் காட்டி நிறுத்தினார். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, அடிதடியா?" என்றார். பல் என்றதும் நம்பவில்லை. ஆனால் முன் இருக்கையைக் காலி செய்து கொடுத்தார். செய்யூர், மதுராந்தகம் வழியாகச் செங்கல்பட்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். டீசலுக்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். செய்யூரைத் தாண்டியதும் சிக்னல் வந்தது. வசந்தா அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அரசு மருத்துவமனையில் பார்த்த இளம் பெண் மருத்துவர் முதலில் பல்லையே பார்க்கவில்லை. நாக்கைத் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார், கழுத்தை அழுத்திப் பார்த்தார். உடனே ஆட்களைக் கூப்பிட்டார். தாடைக்கு அடியில் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். நரம்பில் மருந்து ஏறியது. பல்லை அப்புறம்தான் எடுத்தார்கள். "நாளைக்குக் கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா மூச்சுக்குக் குழாய் போட வேண்டியிருந்திருக்கும்" என்றார். குறடு விஷயத்தைச் சொன்னேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். "பல்லு வந்திருக்கும். சீழ் உள்ளயே இருந்திருக்கும்" என்றார்.

சாயங்காலம் வசந்தா அக்கா வந்தார். கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்தார். "வீட்ல கிராம்பு ஏன் தீந்துகிட்டே இருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அழுதார். பாலு சார் ஒரு வாரம் அங்கே இருந்தார்.

அந்த மே மாதம் நாங்கள் மலைக்குப் போகவில்லை. அடுத்த ஜனவரியில் விட்ட இடத்திலிருந்து நடந்து மாமல்லபுரம் வந்து சேர்ந்தோம். திட்டில் ஏழுமலை வீட்டில் இறால் குழம்பு. பாலு சார் இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டார்.

இப்படிப் போக நினைக்கிறவர்களுக்கு: கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பல் மருத்துவரைப் பாருங்கள். ஒரு மாதம் ஏன் என்றால், எதையாவது சரிசெய்ய வேண்டியிருந்தால் ஆற நாள் வேண்டும். பையில் கிராம்புத் தைலம், பஞ்சு, வலி மாத்திரை, உப்பு இருக்கட்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது. வலி மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைக்காதீர்கள், புண்ணாகிவிடும், விழுங்கத்தான் வேண்டும். விழுந்து பல் முழுதாகக் கழன்று வந்துவிட்டால் வேர்ப் பக்கம் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவரிடம் போங்கள். வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம் இவற்றில் எது வந்தாலும் பயணம் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் எந்த இடத்திலிருந்து எப்படி வெளியேறுவது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட வருபவருக்குச் சர்க்கரை இருந்தால், அவர் சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டு மாத்திரையைக் கொடுங்கள்.

மலைக்கு 2007 மே மாதம் போனோம். அதற்கு முன்னால் பொத்தேரிப் பக்கம் ஒரு பல் மருத்துவமனைக்கு இருவரும் போனோம். பாலு சாருக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு எக்ஸ்ரே எடுத்த மருத்துவர், கீழே இரண்டு பற்கள் வேர் வரை சொத்தை என்றார்.

"எனக்கு வலிக்கவே இல்லையே டாக்டர்."

"இன்னும் வலிக்கல" என்றார் அவர், ஊசியை எடுத்துக்கொண்டே.

பாலு சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ண மூடிக்குங்க குமார். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எறும்பு கடித்த மாதிரியெல்லாம் இல்லை. நான் கையை விடவில்லை.