குடிச்சா மாத்திரை போடலாமா, மிஸ்ஸி?

மாத்திரை கொடுப்பது சுலபம். கொடுத்த மாத்திரை வயிற்றுக்குள் போனதா என்று கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். நுவரெலியாப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், எச்.ஐ.வி. உள்ளவர்கள் வரும் கிளினிக்கில் நான் தாதி. மலையில் எங்களை எல்லோரும் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். தினம் தவறாமல் மாத்திரை போட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும். ஆள் வேலைக்குப் போவார், கல்யாணம் கட்டுவார், பிள்ளை பெறுவார். நடுவில் வந்து நிற்பது பல நேரம் சாராயப் போத்தல். பிரஷர் மாத்திரையும் தண்ணீருமாக அப்பாவின் பின்னால் வீடெல்லாம் அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சனிக்கிழமை விரதம்

செல்வராஜுக்குத் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. சொன்ன தேதிக்குச் சரியாக வருவார், சட்டை மடிப்புக்கூடக் கலையாமல். ஆனால் மாதா மாதம் அவர் போத்தலில் நாலைந்து மாத்திரை மிஞ்சும். ரத்தப் பரிசோதனையிலும் கிருமி கூடிக்கொண்டே போனது. ஒருநாள் காலண்டரை அவர் முன்னால் வைத்து, எந்த நாள் விட்டுப்போகிறது என்று கேட்டேன். விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஒவ்வொரு சனிக்கிழமையிலும் நிறுத்தினார்.

சனிக்கிழமை அவர் தவறணைக்கு, அதாவது சாராயக் கடைக்கு, போகும் நாள். சாராயத்தோடு இந்த மாத்திரை சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் பயந்துபோய், குடிக்கிற நாளில் மாத்திரையைத் தொடுவதே இல்லை. குடித்தாலும் மாத்திரையை விடக்கூடாது, அதனால் விஷமாகாது. குடி ஈரலைக் கெடுக்கும், அதைக் குறைக்கத் தனியாக உதவி செய்கிறோம் என்று விளக்கினேன். காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "அப்ப இத்தனை நாளா நான் தப்பான சாமானையாங்க நிறுத்தி வச்சேன்?"

பாரத்தில் ஒரு கேள்வி

லெட்சுமி அக்கா உடப்புசல்லாவைப் பக்கம் கொழுந்து பறிக்கிறவர். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடும் மாத்திரை அவருக்கு அடிக்கடி விட்டுப்போகும். லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயமா? இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? அதுவும் இல்லை. இரண்டு வருடம் என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன்.

வருகிறவர்களைக் கேட்டு நாங்கள் நிரப்பும் பாரத்தில் "மது அருந்துபவரா?" என்று ஒரு கேள்வி உண்டு. பெண்கள் வந்தால் நான் கேட்காமலே "இல்லை" என்று எழுதிவிடுவேன். அன்றைக்கு அக்கா தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என்னவோ தோன்றி, வாய்விட்டுக் கேட்டேன். நாள் முழுக்கக் கூடை சுமந்த வலிக்கு, வேலை விட்டு வந்ததும் அரைக் கிளாஸ் சாராயம். அதைக் குடித்ததும் தூக்கம். தூங்கினால் மாத்திரை ஏது? டாக்டரிடம் பேசி, காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, கிளம்பும் முன் போடுகிற மாதிரி மாற்றினோம். தோளுக்கும் வைத்தியம் ஏற்பாடானது. அடுத்த பரிசோதனையில் கிருமி நன்றாகக் குறைந்திருந்தது. அதைச் சொல்லிவிட்டு, "ஏன் அக்கா, முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "ஆம்பளைங்ககிட்ட மட்டும்தானே கேட்டீங்க மிஸ்ஸி, எங்களுக்கு மேலு வலிக்காதா?"

சொல் கேட்டவர்

இதை எழுத எனக்குப் பிரியமில்லை, ஆனாலும் எழுத வேண்டும். கிருஷ்ணன் தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர். ஒருநாள் காலையிலேயே வாடையோடு வந்து நின்றார். வரிசையில் இருபது பேர், எனக்குத் தலைவலி. "குடிச்சிட்டு இந்தப் பக்கம் வராதீங்க!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாத்திரை வாங்காமலே போனதை நான் கவனிக்கவில்லை.

மூன்று மாதம் ஆளைக் காணோம். ஃபோனும் வேலை செய்யவில்லை. பிறகு காய்ச்சலும் இருமலுமாக அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். வார்டில் பார்த்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். தினமும் டியூட்டி முடிந்ததும் போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். நான்காம் வாரம் எழுந்து நடந்தார். வீட்டுக்குப் போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் வரவில்லை என்று கேட்கவே எனக்குப் பயம், ஆனாலும் கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "குடிக்காத அன்னைக்கு வரலாம்னு இருந்தேன் மிஸ்ஸி, அப்படி ஒரு நாளே வரல."

இப்போது யார் வாடையோடு வந்தாலும் முதலில் நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.

சுனிலின் அலாரம்

மாத்திரையை ஞாபகப்படுத்த நம்பிக்கையான ஒருவரைக் கூட்டி வரச் சொல்வோம். மனைவி வருவார், அக்கா வருவார். ஹட்டனில் ஆட்டோ ஓட்டும் ரவி கூட்டிவந்ததோ, தன்னோடு தினமும் குடிக்கிற சுனிலை! அவரும் அதே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். சிங்களவர், ஆனால் தமிழ் சரளமாக வரும். எனக்கு வந்த எரிச்சலில் ரவியை ஓரமாகக் கூப்பிட்டு, "வேற ஆளே கிடைக்கலையா?" என்றேன். ரவி தரையைப் பார்த்துக்கொண்டு, "விஷயத்தைச் சொன்னதும் என் கிளாஸைத் தனியா ஒதுக்கி வைக்காம, எங்கூட உக்காந்து குடிச்சது அவன் ஒருத்தன்தாங்க" என்றார். சுனில் பெயரையே பாரத்தில் எழுதிக்கொண்டேன்.

சுனில் தன் ஃபோனில் சாயங்காலம் ஆறு மணிக்கு அலாரம் வைத்தார். அலாரம் அடித்து, ரவி மாத்திரையை விழுங்கிக் காட்டின பிறகுதான் தவறணைப் பேச்சே. கொஞ்ச நாளில் தினமும் போனது வாரத்துக்கு இரண்டாச்சு, பிறகு அதுவும் அபூர்வமாச்சு. போன மாதம் ரவியின் ரிப்போர்ட் வந்தது: ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. இப்படியே மாத்திரையை விடாமல் போட்டுவந்தால் மனைவிக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்னார். ரவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சுனில் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே என்னிடம் முறையிட்டார்: "இவனுக்கு மாத்திரை ஞாபகப்படுத்த நான் தெளிவா இருக்கணுமே மிஸ்ஸி, அதிலயே என் குடியும் கெட்டுப் போச்சு!"

ஆக, அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பது மாத்திரை கொடுப்பதற்கு என்றாலும், நான் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரே வேலை, என் வாயை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதுதான்.