இடக்கை முதுகுக்குப் பின்னால்

போன வெள்ளிக்கிழமை, சாமிக்கு விளக்கேற்றி நிமிர்ந்தபோது கோட்டக்குப்பத்திலிருந்து போன் வந்தது. ஹபீப் பாயின் மனைவி மும்தாஜ் அக்கா பேசினார். "தங்கச்சி, உங்க பாய் மவுத்தாயிட்டாரு. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு வந்து டீ கேட்டாரு. டீ ஆறுறதுக்குள்ள போயிட்டாரு."

ஹபீப் பாய் துபாயில் பல காலம் டி.வி.யும் கம்ப்யூட்டர் மானிட்டரும் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் என் வீட்டுக்கு வந்த கதையை, அவரை அறியாதவர்களுக்காகவும் சொல்கிறேன்.

என் கணவர் மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியின் ஆபீஸில் லாரி லோடு பதிவு செய்பவர். பச்சை எழுத்து வரும் பழைய மானிட்டர் அவருடையது. சுனாமி அன்று காலை உப்பளத்துக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் அவர் படத்துக்கு மாலை போட நான் சம்மதிக்கவில்லை. வாசல் கதவைத் தாழிடவும் மாட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டரை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். நானே தட்டுத் தடுமாறிப் பழகி, மகளிர் குழுக் கணக்கை அதில் எழுதிவந்தேன். மானிட்டரை அணைத்த பிறகும், காலை வெயில் சாய்ந்து விழும்போது, கண்ணாடியின் நடுவில் நிழல்போல ஒரு பெயர் தெரியும். அவர் வேலை பார்த்த வருடங்களில் லோடு பதிவின் தலைப்பில் அதே இடத்தில் நின்ற என் கணவரின் பெயர். பூஜை முடித்ததும் அதன் எதிரில் போய் நிற்பேன். அவர் உள்ளிருந்து பார்ப்பதாகவே நம்பினேன்.

போன வருடம் ஐப்பசி மழையில் படம் சுருங்கி, குறுக்கே ஒரே ஒரு பச்சைக் கோடாகிவிட்டது. "தூக்கிக் கடாசுக்கா" என்றான் என் தம்பி. நானோ கோடு விரிகிறதா என்று தினமும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் யாரோ சொல்லி, பாய் பஸ் ஏறி வந்தார்.

"தெனம் இப்படிப் போட்டுப் பாக்குறியாம்மா? இன்னும் கொஞ்ச நாள் போட்டா இந்தக் கோடு கண்ணாடியிலயே எரிஞ்சு நின்னுடும்."

கோடு ஓடியது அந்தப் பெயரின் மேலேயே.

"எங்கிட்ட வேற டியூப் கெடக்குது, கண்ணாடியோட மாத்திடலாம். பளிச்சுனு இருக்கும்."

"டியூபைத் தொடாதீங்க பாய்!"

நான் கத்தியதில் அவர் நிமிர்ந்து பார்த்தார். மானிட்டரை அணைத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "யாரு பேரும்மா இது?"

கணவர் பெயரை வாயால் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பாய் குனிந்து எழுத்தெழுத்தாகப் படித்தார். "கு...ம...ரே...சன்."

சுனாமிக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் கேட்டது அன்றுதான்.

பிறகு பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றினார். இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கை வலியா என்று கேட்டேன்.

"ரெண்டு கையும் உள்ள போனா கரண்டு நெஞ்சு வழியா போவும்மா. ஒரு கைன்னா பொழச்சுக்கலாம். பழகிப்போச்சு. சோறு திங்கறப்பவும் கை பின்னாடிதான் இருக்குது, பாதி மனுசனைக் கட்டிக்கிட்டேன்னு எங்க வூட்டம்மா திட்டும்."

"அதான் பிளக்கைப் புடுங்கிட்டோமே?"

"புடுங்குனா போயிடுமா? உள்ள நின்னுக்கிட்டே இருக்கும். நாமதான் எறக்கி விடணும்."

ஸ்குரூ டிரைவரில் கட்டிய ஒயரின் மறுமுனையை உள்ளிருந்த இரும்புச் சட்டத்தில் மாட்டினார். 'பிஸ்மில்லா' என்று சொல்லி, அதை டியூபின் ரப்பர் மூடிக்கடியில் நுழைத்தார். டக்கென்று ஒரு சத்தம்.

உள்ளே காய்ந்த சாமந்தி இதழ்களும் குங்குமமும் கிடந்தன. என் கணவர் ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை மானிட்டர் தலையில் வைத்த பூ, காற்றுத் துளை வழியே இறங்கியிருந்தது.

"உங்க வூட்டுக்காரரு சாமி கும்புட்டே இதுக்கு மூச்சு முட்ட வச்சிட்டாரும்மா. சூட்டுல ஈயம் பத்தவச்ச எடம் விட்டுப்போச்சு, மிச்சத்தை உப்புக் காத்து தின்னுட்டுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இதழ்களை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தாளில் மடித்து என் கையில் கொடுத்தார்.

ஈயம் வைத்துப் பற்றவைத்ததும் படம் விரிந்தது. டியூப் அதேதான். தைரியம் வந்து கேட்டேன். "பேரு இருக்குதே பாய். ஆளும் எங்கனா இருப்பாருதானே?"

சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டு முடித்தார்.

"இல்லம்மா. அது ஒட்டிக்கிட்டிருக்கிற எழுத்து இல்ல. அந்தப் பேரு நின்னு நின்னு உள்பூச்சு தேஞ்சுபோன எடம். அவரு இங்க வேலை பாத்தாருன்னுதான் அது சொல்லுது. வருவாருன்னு சொல்லல."

அதுவரை யாரும் என்னிடம் அப்படி நேராகச் சொன்னதில்லை. அடுத்த அமாவாசைக்குப் படத்துக்கு மாலை போட்டேன். அன்றுதான் கதவைத் தாழிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது, பாயின் உடலை எடுத்துக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். பாயின் மேசையில் ஒரு மானிட்டர் மூடியில்லாமல் திறந்து கிடந்தது. உறவுக்காரப் பிள்ளைகள் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து சாயங்காலம் ஓட்டிப் பாத்துட்டு வச்சாரு" என்றார் அக்கா. "உள்ள கரண்டு நிக்குமே தங்கச்சி. இனிமே யாரு தொடுவா?"

பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். பிளக் பிடுங்கியிருந்தது. ஒயர் கட்டிய அந்த ஸ்குரூ டிரைவர் பக்கத்திலேயே இருந்தது; ஒயரின் மறுமுனை சட்டத்தில் மாட்டியே இருந்தது. எடுத்தபோது என் இடக்கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. அவருக்காக 'பிஸ்மில்லா' என்றேன். எனக்காக 'தாயே' என்றேன். ரப்பர் மூடிக்கடியில் நுழைத்தேன்.

டக்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அக்கா வாய்விட்டு அழுதார்.

பிள்ளைகள் பக்கத்தில் வந்தாலும் இனி பயமில்லை, பாய். நீங்கள் போய் வாருங்கள்.